இரங்கல் சீட்டு

வயது என்ன என்று ஏன் கேட்டேன்? எத்தனை மணிக்கு என்று கேட்டதையாவது மன்னித்துவிடலாம். பதறிப்போன யாரும் அதைக் கேட்பார்கள். வயது என்ன என்று எந்தத் தாய் கேட்பாள்? அதுவும் பெற்ற மகளிடம், அவள் புருஷன் போய்விட்டார் என்று சொல்லி வாய் மூடுவதற்குள். அதிலும் எனக்கு நன்றாகத் தெரிந்த வயதை. போன மாதம்தானே அவரே சொன்னார், "நாப்பத்தேழு முடிஞ்சுடுச்சு அத்தை, தலையில முப்பது முடி பாக்கி இருக்கு" என்று.

தன்னையே இப்படிக் கேட்டுக்கொண்டு, தொலைபேசியை வைத்த பிறகும் அவள் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கையில் பென்சில் இருந்தது. அதை எப்போது எடுத்தாள் என்று நினைவில்லை. முன்னால் மேசையில் ஒரு துண்டுத்தாள் கிடந்தது, அவள் கையெழுத்தில் இரண்டரை வரிகளுடன்: லிஃப்ட் மெக்கானிக். விடியற்காலை, தூக்கத்தில், இதயம். வயது. அதற்குப் பிறகு ஒரு சின்னக் கோடு. மகள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. "எழுதிட்டியாம்மா?" என்றாள். கோபமே இல்லாத குரல். "எழுதிட்டேன்னா சொல்லு, நான் வெச்சிடறேன்."

அவள் ஏதாவது சொல்வதற்குள் வைத்துவிட்டாள். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு மகள் அவளிடம் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

இந்த வீட்டில் தொலைபேசி மணி அடித்தால் பாதிக்குமேல் சாவுச் செய்தியாகத்தான் இருக்கும். முப்பது வருடமாக அப்படித்தான். மருத்துவமனைத் தாதி ஒருத்தி, பிணப்பெட்டி செய்கிற தச்சர், மூன்று கிராமங்களுக்குத் தபால் கொண்டுபோகிறவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியை என்று ஆளுக்கொரு திசையிலிருந்து கூப்பிடுவார்கள். அவள் கேட்பதைக் கேட்டு எழுதிக்கொள்வாள். யார், என்ன வேலை, எப்போது, எப்படி, வயது, வீட்டில் யாரிடம் முதலில் போய் நிற்கவேண்டும். கடைசி வரிக்குத்தான் அவள் நேரம் எடுத்துக்கொள்வாள். இறந்தவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம், வேறு யாரும் வந்து சொல்ல வாய்ப்பில்லாத விஷயம். பழைய தேர்தல் துண்டறிக்கைகளை நாலாக வெட்டி, வெள்ளையாக இருக்கும் பின்பக்கத்தில் எழுதுவது வழக்கம். திருப்பினால் அவள் கணவரின் முகத்தில் கால்பங்கு இருக்கும். சில சீட்டில் ஒரு கண். சில சீட்டில் மீசையும் ஒரு வாக்குறுதியின் பாதியும். மகள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், விடுமுறை நாட்களில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு அந்தத் தாள்களை வெட்டிக் கொடுப்பது அவளுடைய வேலை. "அப்பா மூக்குல வெட்டட்டுமா, வாயில வெட்டட்டுமா?" என்று கேட்டுக் கேட்டு வெட்டுவாள்.

இது எதுவும் திட்டம் போட்டுத் தொடங்கியதல்ல. கணவர் அப்போது விவசாயிகள் கூட்டுறவுப் பண்டகசாலையின் செயலாளர். விதையும் கயிறும் உரமும் விற்கிற இடத்தில் உட்கார்ந்து, மனிதர்கள் எதையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது, நிலத்தையோ வீட்டையோ கட்டியவளையோ விட்டுப் போனவன் எங்கேயும் நிலைக்கமாட்டான் என்று பேசுவார். அதைக் கேட்கவே சிலர் கயிறு வாங்க வருவார்கள். முதல் தேர்தலில் நின்று இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார். தோற்றபின் இரண்டு மாதம் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. அப்போது ஒருநாள் ஊர்க் கொல்லர் இறந்துபோனார்.

"சும்மா போய் மூஞ்சியக் காட்டிட்டு வாங்க" என்றாள் அவள்.

"போய் என்னத்தப் பேசறது? அந்தாளு எனக்கு ஓட்டே போடல."

"செத்தவர்கிட்டயா ஓட்டு கேக்கப் போறீங்க? நம்ம கேட்டுக்குக் கீல் மாட்டினாரே, அது காத்துல சத்தம் போட்டா கொழந்த முழிச்சுக்கும்னு, நாம கூப்பிடாமலே மூணு தடவ வந்து எண்ணெய் விட்டுட்டுப் போனாரு. அதச் சொல்லுங்க அந்தம்மாகிட்ட."

அவர் போய்ச் சொன்னார். விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் மரம்போல உட்கார்ந்திருந்த கொல்லர் மனைவி, அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாளாம். அடுத்த தேர்தலில் ஜெயித்தார். அதற்குப் பிறகு நான்கு முறை ஜெயித்தார். தொகுதியில் அவர் போகாத சாவு இல்லை என்பது பேச்சாகிவிட்டது. எதிர்க்கட்சிக்காரர்களே, "அந்தாளத் தோக்கடிக்கணும்னா நம்ம ஜனம் சாகாம இருக்கணும்ப்பா" என்று சிரிப்பார்கள்.

அவர் நடிக்கிறவர் அல்ல. அதுதான் அவளை வருடக்கணக்காக யோசிக்க வைத்த விஷயம். காரில் போகும்போது சீட்டைப் படிப்பார். இறங்கும்போது அது அவருடைய சொந்த ஞாபகமாகவே ஆகியிருக்கும். கொல்லர் இறந்து ஐந்தாறு வருடம் கழித்து, ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளிடமே சொன்னார்: "உனக்குத் தெரியுமா, அந்தக் கொல்லன் நான் கூப்பிடாமலே மூணு தடவ வந்து கீலுக்கு எண்ணெய் விட்டான். அந்த மாதிரி மனுஷனுங்கள இனிமே எங்க பாக்கறது?" கண்கள் நிறைந்திருந்தன. அவள் சோற்றைப் பரிமாறிக்கொண்டே, "அப்படியா" என்றாள். அவளிடமிருந்து போன எத்தனையோ ஞாபகங்கள் அப்படித்தான் வேறு ஆளுடையதாகித் திரும்பி வந்தன. திரும்பி வந்ததை அவளால் பிறகு தன்னுடையதாக நினைக்க முடிந்ததில்லை. ஒரு தடவை ஒரே நாளில் இரண்டு சாவு வந்து, சீட்டுகள் இடம் மாறிவிட்டன. தையல் டீச்சரின் சாவுக்குப் போய், "அந்தம்மா கை பட்டா முரட்டு மாடும் அடங்கி நிக்கும்" என்று உருகிவிட்டு வந்தார். அதைக் கேள்விப்பட்டு அவளுக்கு உயிரே போய்விட்டது. டீச்சருடைய கணவரோ பதினாறு நாள் கழித்து வீட்டுக்கு வந்து, "அவளுக்கு மாடுன்னா அவ்ளோ பிரியம்னு எனக்கே தெரியாம இருந்திருக்கே, அய்யா சொல்லித்தானே தெரிஞ்சது" என்று மூக்கைச் சிந்தினார்.

அவள் எழுந்தாள். அந்தத் துண்டுத்தாளை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

கணவர் குளியலறை வாசலில் கண்ணாடியின் முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். எழுபத்தொரு வயதிலும் கை நடுங்காது. தேர்தலுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. இதுதான் கடைசி என்று அவரே எல்லாக் கூட்டத்திலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை போயிட்டார்" என்றாள்.

"எந்த மாப்பிள்ளை?"

அவர் வேண்டுமென்று கேட்கவில்லை. அந்தச் சொல் இந்த வீட்டுக்குள் பேசப்பட்டதே இல்லை. வேறு யாருடைய மாப்பிள்ளையோ, தொகுதியில் ஏதோ ஒரு சாவு என்றுதான் நினைத்தார்.

"நமக்கு எத்தன பேரு இருக்காங்க?" என்றாள்.

கண்ணாடியில் அவர் முகம் அவளைப் பார்த்தது. ஒரு கன்னம் வழவழவென்று, மறு கன்னம் நுரையோடு. கத்தியைக் கழுவினார். மறுபடியும் கழுவினார். பிறகு குளியலறையின் உயரமான வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தார்.

"யாரு சொன்னது?"

"அவதான்."

"அவளே பேசினாளா?" என்றார். "உன்கிட்ட? என்ன சொன்னா?"

அவளால் அதைச் சொல்ல முடியவில்லை. "காலையில எழுப்பினாளாம், எழுந்திருக்கல. நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கறாங்கன்னு ஆஸ்பத்திரியிலேருந்து ஒருத்தர் அப்புறம் கூப்பிட்டுச் சொன்னார்" என்று மட்டும் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். நுரை காய்ந்து கன்னத்தில் வெள்ளைத் தோல்போல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் ஈரத்துண்டை எடுத்துக் கொடுத்தாள். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு துடைக்காமல் இருந்தார்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் பேரவையில் ஒரு சட்டத்திருத்தம் வந்தது. ஒத்துவராமல் பிரிந்துவிட்ட கணவனும் மனைவியும் விவாகரத்துக்கு ஐந்து வருடம் காத்திருக்கவேண்டும் என்பதை ஆறு மாதமாகக் குறைக்கும் திருத்தம். நகரத்துக்காரர்கள் எல்லாம் ஆதரித்தார்கள். அவர் எதிர்த்து நின்றார். அந்த வாரம்தான் மகள் ஊருக்கு வந்தாள். இதே கூடத்தில் உட்கார்ந்து, தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது, அவர் முதல் கல்யாணம் முறிந்து இரண்டு வருடமாகத் தனியாக இருக்கிறார், இந்தத் திருத்தம் வந்துவிட்டால் இந்த வருடமே பண்ணிக்கொள்ளலாம் என்று சொன்னாள். அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. சொல்ல மட்டும் செய்தாள். அவரும் எதுவும் பேசவில்லை. பேரவைக்குப் போய் இரண்டு மணி நேரம் பேசினார். திருத்தம் நாலு ஓட்டில் தோற்றது.

அடுத்த ஞாயிறு, பண்டகசாலை மைதானத்தில் பாராட்டுக் கூட்டம். மேடையில் அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் பேசிக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் நிறுத்தி, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஊருக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயம்னு நான் வாழல. என் வீட்டுக்குள்ளயும் அந்தக் காத்து வந்துது. என் வீட்டுக் கதவையும் நான் சாத்திட்டேன்." மைதானமே எழுந்து நின்றது. கைதட்டல் ஓய வெகுநேரமானது. அன்று முதல் அவர் 'கதவு' ஆனார். ஆதரித்தவர்கள் பெருமையாகவும் எதிர்த்தவர்கள் கேலியாகவும் அப்படியே சொன்னார்கள். அடுத்து வந்த தேர்தலில் கிடைத்த ஓட்டு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. கூட்டத்துக்கு மறுநாள் செய்தித்தாளில் வந்த படத்தில், அவருக்குப் பின்னால் அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள். தட்டியது அவளுக்கு நினைவே இல்லை. எல்லோரும் தட்டும்போது கைகள் தாமாகவே சேர்ந்துகொண்டிருக்கவேண்டும். ஆனால் படத்தில் தெளிவாகத் தெரிந்தது, இரண்டு உள்ளங்கைகளும் முகத்தில் ஒரு பாதிச் சிரிப்பும். மகள் அப்பாவுடைய பேச்சை ஒருவேளை என்றைக்காவது மன்னித்திருப்பாள். அந்தப் படத்துக்குப் பிறகுதான் அவள் இரண்டு பேரிடமும் பேசுவதை நிறுத்தினாள். அந்த மனிதரோடு மூன்று வருடம் காத்திருந்து, சட்டம் சொன்ன ஐந்து வருடமும் முடிந்த பிறகு பதிவுத் திருமணம் செய்துகொண்டாள்.

ஒன்பது மணிக்கு அமைப்பாளர் வந்துவிட்டார். இருபது வருடமாகக் கட்சி வேலையை இந்தத் தொகுதியில் ஒற்றை ஆளாக இழுக்கிறவர். ஒல்லியான உடம்பு, சட்டைப்பைக்கு ஒன்றாக இரண்டு செல்போன். செருப்பை வாசலில் விடும்போதே பேசத் தொடங்கிவிட்டார்.

"அண்ணே, போனாலும் பேசுவாங்க, போகலேன்னாலும் பேசுவாங்க. ரெண்டையும் எடை போட்டுப் பாத்துட்டேன். போறதுதான் நல்லது."

"நான் உன்ன எடை போடச் சொன்னனா?"

"நீங்க எப்பிடிச் சொல்லுவீங்க? நீங்க சொல்லாததச் செய்யத்தானே என்ன வெச்சிருக்கீங்க."

கணவர் சவரத்தை முடித்திருந்தார். காதோரம் சிறிய வெட்டு ஒன்று. அப்படி வெட்டிக்கொள்கிறவர் அல்ல. "சாத்திட்டேன்னு சொல்லிட்டேனேப்பா" என்றார். அதை அமைப்பாளரிடம் சொன்னதாக அவளுக்குத் தோன்றவில்லை.

"அதனாலதாண்ணே! ஊர்ல ஒரு சாவு விடாம போனவரு, பெத்த பொண்ணு வீட்டுச் சாவுக்குப் போகலேன்னு எதிர்க்கட்சிக்காரன் நாளைக்கே நோட்டீஸ் அடிப்பான். அதே சமயம் கதவச் சாத்தினவரே எறங்கிப் போய் நிக்கறாருன்னா அதுக்கு மேல என்ன வேணும்? கல்யாணம் கொள்கை, சாவு மனுஷத்தனம். நான் ஒண்ணும் பெரிசா கேக்கல. போட்டோக்காரன் ஒருத்தன் எதிர்ப் பக்கம் ரோட்ல நிப்பான். உள்ள கால் வெக்கமாட்டான்." பிறகு அவளிடம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டார். "அண்ணி, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. அந்தக் கடைசி வரி மட்டும் கொஞ்சம் பாத்து எழுதிடுங்க. எப்பவும் எழுதறதுதான். அண்ணன் அதச் சொல்லும்போது பாப்பா ஒரு தடவ அண்ணன் தோள்ல சாஞ்சிடுச்சுன்னா போதும்."

நாற்பது வயதான மகளை அவர் இன்னும் பாப்பா என்றுதான் சொன்னார். அதில் பிரியம் இல்லாமல் இல்லை.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள்.

அறையில் ஒரு பையில் துணிகளை அடுக்கினாள். முப்பது வருடத்தில் அவள் எந்தச் சாவுக்கும் அவருடன் போனதில்லை. சீட்டு போகும், அவர் போவார், அவள் அடுத்த தொலைபேசிக்காக இங்கே இருப்பாள். இன்று அவளும் வருகிறாளா என்று யாரும் கேட்கவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கையில் மடித்து வைத்திருந்த துண்டுத்தாள் வியர்வையில் நனைந்து துவண்டிருந்தது. அதைப் பிரித்துப் பார்க்காமல் துணிகளுக்கு அடியில் செருகினாள்.

கடைசி வரி. அது அவளிடம் இருந்தது. எழுதி எடுத்துவிடலாம் போல அத்தனை தயாராக இருந்தது.

பதிவுத் திருமணம் நடந்த மறுநாள் ஒரு புதன்கிழமை. மூன்று மணிக்கு மணி அடித்தது. அறிமுகமில்லாத ஆண்குரல், "அத்தை, நாந்தான். நேத்துப் பதிவாயிடுச்சு. உங்களுக்குச் சொல்லணும்னு தோணிச்சு" என்றது. அவள் பென்சிலை எடுத்துவிட்டுக் கீழே வைத்தாள். அதன் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் அவர் கூப்பிட்டார். பேரவை நடக்கும் நாள், வீட்டில் கணவர் இருக்கமாட்டார் என்று தெரிந்து வைத்திருந்தார். பேச்சில் கெட்டிக்காரர் இல்லை. உடம்பு எப்படி, கால்வலி எப்படி, பின்பக்கச் சுவரைக் கட்டி முடித்தாயிற்றா என்று கேட்பார். எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் லிஃப்டுக்குள் எத்தனை பேர் மாட்டிக்கொண்டார்கள் என்று சொல்வார். மாட்டிக்கொண்டவர்கள் முதல் ஐந்து நிமிஷம் திட்டுவார்களாம், பிறகு கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தங்கள் வீட்டுக் கதையெல்லாம் சொல்வார்களாம்.

அவருக்கு ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. அவள் என்ன சொன்னாலும் அதை அப்படியே உரக்கத் திருப்பிச் சொல்வார். "கால்வலி பரவால்ல." "ஓ, கால்வலி பரவால்லையாமா!" "சுவர் முடிஞ்சுது, பூசணும்." "சுவர் முடிஞ்சு பூச்சுதான் பாக்கியா!" காது மந்தமோ, லிஃப்ட் இயந்திரச் சத்தத்திலேயே வேலை செய்து அப்படி ஆகிவிட்டதோ என்று முதலில் நினைத்தாள். இரண்டு மாதம் கழித்துத்தான் பின்னணியில் ஒரு கரண்டி பாத்திரத்தில் படுகிற சத்தத்தைக் கவனித்தாள். அவர் பேசும்போது கரண்டி ஓடும். அவள் பதில் சொல்லி, அவர் அதைத் திருப்பிச் சொல்கிற நேரத்தில் மட்டும் கரண்டி நின்றுவிடும்.

அன்றிலிருந்து அவள் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசக் கற்றுக்கொண்டாள். நீளமாகப் பேசினால் அவர் பாதியை விட்டுவிடுவார். சொல்ல விரும்பியதையெல்லாம் அவர் எடுத்துச் செல்லக்கூடிய அளவுக்கு உடைத்துக் கொடுத்தாள். தெரிந்துகொண்டதாக அவள் காட்டவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, மூன்று வருடத்துக்கு முன்னால், அவள் கண் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பதைச் சொன்னபோது அவருக்குத் தும்மல் வந்து திருப்பிச் சொல்லத் தவறிவிட்டார். பின்னாலிருந்து அவசரமாக ஒரு குரல் வந்தது: "என்ன சொன்னாங்க?" அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் மூன்று வருடம் ஓட்டியிருக்கிறாள். இனிமேல் கரண்டியும் கேட்காது, திருப்பிச் சொல்லவும் ஆள் இல்லை. மகளிடம் போய் நேராகவே பேசவேண்டும். முதல் பேச்சிலேயே வயது கேட்டவள் அவள்.

அமைப்பாளர் தன் ஆட்களுடன் முன்னால் ஒரு காரில் போனார். இவர்கள் இருவரும் பின்காரில். மகள் இருக்கும் நகரத்துக்கு நாலு மணி நேரப் பாதை, அரை மணியில் போய்விடுகிற பேரவைக்கு எதிர்த்திசை. ஓட்டுநர் பழைய ஆள், சாவுக்குப் போகும்போது தானாகப் பேசமாட்டார், ரேடியோவைப் போடமாட்டார். ஊர் எல்லையைத் தாண்டும்வரை வழியில் நின்றவர்கள் காரைப் பார்த்துக் கையெடுத்தார்கள். அவர் கண்ணாடியை இறக்காமலே தலையசைத்தார். அதற்குமேல் வயல்கள்தான். அறுவடை முடிந்து சில இடத்தில் நெல்தாள் எரிந்துகொண்டிருந்தது.

"சீட்டு எழுதிட்டியா?" என்றார், மூன்று மணி நேரம் கழித்து.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அமைப்பாளனுக்காகக் கேக்கல" என்றார். "அவன் ரோட்ல நின்னு என்ன வேணா புடிச்சுக்கட்டும். எனக்கு... நான் வெறுங்கையா போய் எப்படி நிப்பேன்? அந்த ஆள் மூஞ்சியக் கூட நான் பாத்ததில்ல. கறுப்பா செவப்பான்னு தெரியாது."

"மாநிறம்னு சொல்லியிருக்காரு" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

அவர் திடுக்கிடவில்லை. முன்சீட்டின் பின்பக்கத்தைப் பார்த்தபடியே, மெதுவாகச் சொன்னார். "தெரியும். புதன்கிழமை மூணு மணி. ரெண்டாவது வருஷமே தெரியும். சபையிலேருந்து கூப்பிட்டா அந்த நேரம் லைன் கிடைக்காது, சாயங்காலம் உன் மூஞ்சியப் பாத்தாலே யாருன்னு தெரியும். சபை ரெண்டு மணிக்கே கலைஞ்ச நாள் எத்தனையோ. கேன்டீன்ல உக்காந்து பேப்பரையே திருப்பித் திருப்பிப் படிச்சிட்டு இருப்பேன். யோசிச்சுப் பாரு. ஒரு புதன்கிழமையாச்சும் ஆறு மணிக்கு முன்ன நான் வீட்டுக்கு வந்திருக்கேனா?"

அவள் யோசித்தாள். வரவில்லை. காய்ச்சலோடு இருந்த நாளில்கூட ஆறரைக்குத்தான் வந்தார். அவள்கூட அதைத் தன் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தாள். சாத்திய கதவைத் திறக்கத் தெரியாத மனிதர், எட்டு வருடம் கேன்டீனில் உட்கார்ந்து அதற்கு வெளியே காத்திருந்திருக்கிறார். இந்த ஒன்றுக்காகவாவது கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். அத்தை சொன்னதையெல்லாம் உரக்கத் திருப்பிச் சொல்வார், பின்னால் நிற்கிறவள் காதில் விழட்டும் என்று. அவ்வளவுதான். மூச்சுவிடும் நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம்.

"அதுக்காச்சும் ஒண்ணு சொல்லு" என்றார். "ஒரே ஒரு விஷயம். அவரு உன்கிட்ட என்னதான் பேசினாரு?"

அவரு என்றார். ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அதைச் சொல்வார். உண்மையாகவே அழுவார். எதிர்ப்பக்க ரோட்டில் அது படமாகும். தேர்தல் முடிந்து ஒரு மழைநாளில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளிடமே சொல்வார், உனக்குத் தெரியுமா, அந்த மாப்பிள்ளை நாம சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்லுவாரு என்று. அவளும் அப்படியா என்பாள். ஆனால் அவற்றைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மகள் அப்போது அப்பாவின் முகத்தைப் பார்க்கமாட்டாள். கத்தரிக்கோல் பிடித்து வளர்ந்தவள், இந்த வரி எங்கிருந்து வருகிறது என்று முதல் வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிடுவாள். அவருக்குப் பின்னால் நிற்கிற அம்மாவைத்தான் பார்ப்பாள்.

"இதுக்குச் சீட்டு இல்லீங்க" என்றாள்.

"எழுத வேண்டாம். வாயால சொன்னா போதும்."

"சொல்லவும் மாட்டேன்."

குரலை அவள் உயர்த்தவில்லை. ஓட்டுநர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் காத்திருந்தார். முப்பது வருடத்தில் அவள் இல்லை என்று சொன்ன சந்தர்ப்பம் எதுவும் அவருக்கு நினைவில்லாததால், இது எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று தெரியாமல் காத்திருப்பதுபோல் இருந்தது. பெரிய லாரி ஒன்று அவர்களைத் தாண்டிப்போய், முன்னால் போகும் அமைப்பாளரின் காரை மறைத்துக்கொண்டது.

"அப்ப நான் அவகிட்ட போய் என்ன பேசறது?" என்றார்.

"தெரியலீங்க" என்றாள். அது பொய்யில்லை. தான் என்ன பேசப்போகிறாள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவர் சட்டைப்பையில் கையை விட்டுக் கண்ணாடியை எடுத்தார். படிப்பதற்கு மட்டும் போடுகிற கண்ணாடி. சாவு வீடு நெருங்கும்போது சீட்டைப் படிக்க வழக்கமாக இப்படித்தான் எடுத்துப் போடுவார் போலிருக்கிறது. துணியால் இரண்டு பக்கமும் துடைத்துப் போட்டுக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து வெளியே பார்த்தார். அந்தக் கண்ணாடியில் எட்ட இருப்பது எதுவும் அவருக்குத் தெளிவாகத் தெரியாது. சாலையோர மரங்களும், சைக்கிளில் போகிறவரும், தூரத்தில் எழும்பத் தொடங்கியிருந்த நகரத்துக் கட்டடங்களும் கலங்கலாக நகர்ந்துகொண்டிருக்கும். அவர் அதைக் கழற்றவில்லை.